மாமா நிலத்தில் நிக்கல் இருக்கிறதாம்: ஆஸ்திரேலியாவின் கம்பால்டா சுரங்கத்தோடு ஒப்பிட்டு ஒரு காகிதம் வந்திருக்கிறது, நம்பலாமா?

#1 குப்பத்தான்

வணக்கம். கல், போர், சுரங்கம் தெரிந்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பதால் கேட்கிறேன். நாங்கள் குப்பம் பக்கம். மாமாவுக்கு மூன்று ஏக்கர் மேட்டு நிலம். தக்காளி போட்டு இரண்டு வருஷமாக வி.கோட்டா மார்க்கெட்டில் அடிவாங்கி உட்கார்ந்திருக்கிறார். நிலத்தின் ஓரமாகக் கருப்புப் பாறை ஒன்று வரப்பு மாதிரி நீளமாகப் போகும். போன மாதம் ஒருவர் வந்து அதைத் தட்டி இரண்டு பை எடுத்துப் போனார். இப்போது நாலு பக்கக் காகிதத்தோடு திரும்பி வந்திருக்கிறார்.

முதல் பக்கத்தில் லேப் ரிசல்ட். நிக்கல் 1,850 பிபிஎம் (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), குரோமியம் 2,400, கோபால்ட் 95, செம்பு 20, கந்தகம் 0.02 சதவீதம். அடுத்த பக்கத்தில் ஒரு அட்டவணை: கனடாவின் சட்பரி, ரஷ்யாவின் நோரில்ஸ்க், ஆஸ்திரேலியாவின் கம்பால்டா, இந்தோனேசியா, கடைசி வரியில் எங்கள் ஊர். "கோலார் பட்டையும் கம்பால்டாவும் ஒரே இனப் பாறை" என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறது. கோலார் பட்டை என்பது கோலார் தங்கவயல் வழியாக ஓடும் பாறைப் பட்டையாம்.

டன்னுக்கு 1.85 கிலோ நிக்கல், கிலோ 15 டாலர் என்று அவர் சொல்லிவிட்டுப் போனார். மாமா பாறையின் நீள அகலத்தை அடிக்கணக்கில் அளந்து, கால்குலேட்டரில் பெருக்கிப் பார்த்துவிட்டு அன்று இரவு தூங்கவே இல்லை. பதிவுக் கட்டணம் என்று 25,000 ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது. ஆய்வில் பங்கு வேண்டுமென்றால் 3 லட்சம் கேட்கிறார். அத்தை நகையை எடுத்து வெளியே வைத்திருக்கிறார். சீக்கிரம் சொல்லுங்கள்.

#2 முதலீட்டுப்புலி

பயப்படத் தேவையில்லை பாஸ். கோலார் பட்டையில் கோமாட்டியைட் வகைப் பாறை (மெக்னீசியம் நிறைந்த பழங்கால எரிமலைக் கல்) இருப்பது ஆராய்ச்சியாளர்கள் எழுதிவைத்த விஷயம். கம்பால்டா நிக்கலும் கோமாட்டியைட்டில்தான் கிடைத்தது. அந்த ஒப்பீட்டில் தப்பில்லை. இந்தியாவில் நிக்கலுக்கென்று ஒரு சுரங்கம்கூட ஓடவில்லை, வருகிற நிக்கல் எல்லாம் இறக்குமதி. 2023இல் மத்திய அரசு முக்கியக் கனிமப் பட்டியலில் நிக்கலைச் சேர்த்துவிட்டது.

ஆஸ்திரேலியாவில் பொசைடன் கம்பெனி பங்கு 1969 செப்டம்பரில் 80 சென்ட். 1970 பிப்ரவரியில் 280 டாலர். முதலில் நுழைந்தவன் சம்பாதிப்பான்.

#3 கோர்பெட்டி

நான் கனிம ஆய்வில் ஏழு வருஷம் கோர், அதாவது போரில் உருளையாக வெட்டியெடுக்கும் கல், பார்த்தவள். இப்போது அந்த வேலையில் இல்லை என்பதால் தைரியமாகப் பேசலாம்.

புலி சொன்ன கதையின் மீதிப் பாதி இது. பொசைடனின் விண்டாரா சுரங்கத்திலிருந்து தாது வெளியே வந்தது 1974இல். எதிர்பார்த்த தரமும் இல்லை, அதற்குள் பங்கும் கரைந்துவிட்டது. 1976இல் கம்பெனி பட்டியலிலிருந்தே போய்விட்டது. அந்தக் களேபரத்துக்குப் பிறகுதான், 1971இல், தாதுக் கணக்கை எப்படி அறிவிக்க வேண்டும் என்று விதி எழுத ஆஸ்திரேலியாவில் ஒரு குழு உட்கார்ந்தது. இன்று எல்லோரும் சொல்கிற ஜார்க் விதி அங்கே பிறந்ததுதான்.

இப்போது காகிதத்துக்கு வருவோம். தம்பி, நிக்கல் வரியைப் பிறகு பாருங்கள், முதலில் செம்பு வரியைப் பாருங்கள். 20 பிபிஎம். அப்புறம் கந்தகம் 0.02. இந்த இரண்டு எண்களும் கதையைச் சொல்லிவிடுகின்றன.

நிக்கல் இரண்டு மாதிரி இருக்கும். ஒன்று, கந்தகத்தோடு சேர்ந்து பென்ட்லாண்டைட் என்ற கனிமமாக இருப்பது. அரைத்து நுரையில் மிதக்கவிட்டால் பிரித்துவிடலாம். கம்பால்டா, சட்பரி, நோரில்ஸ்க் எல்லாம் இந்த வகை. இன்னொன்று, ஆலிவின் என்கிற பச்சைக் கனிமத்தின் உடம்புக்குள்ளேயே மெக்னீசியத்தின் இடத்தில் நிக்கல் உட்கார்ந்திருப்பது. ஆலிவின் நிறைந்த எந்தப் பாறையை எடுத்தாலும் 0.2, 0.3 சதவீத நிக்கல் தானாக இருக்கும். சேலம் சுண்ணாம்புக் கரட்டில் மேக்னசைட் வெட்டுகிறார்களே, அங்கே இருக்கும் ட்யூனைட் என்ற ஆலிவின் பாறையைச் சோதித்தாலும் அந்த அளவில்தான் வரும். சேலத்தில் யாராவது நிக்கல் சுரங்கம் வைத்திருக்கிறார்களா?

1,850 பிபிஎம் என்பது 0.185 சதவீதம். அந்த இனப் பாறை பிறக்கும்போதே கொண்டுவருகிற அளவு. கந்தகத்தோடு சேர்ந்த நிக்கல் என்றால் செம்பு இவ்வளவு குறையாது. கம்பால்டா மாதிரித் தாதுவில் நிக்கலுக்குப் பத்தில் ஒரு பங்கு, பதினைந்தில் ஒரு பங்கு செம்பு வரும். 1,850க்கு நூறுக்கு மேல் காட்டியிருக்க வேண்டும்.

அந்த அட்டவணை வேறு. கம்பால்டாவில் 3 சதவீதம் அளவில் இருந்த தாதுவும் உங்கள் 0.185ம் ஒரே பத்தியில் நிற்கின்றன. சட்பரி எப்படி உண்டானது தெரியுமா? 185 கோடி வருஷத்துக்கு முன் விண்கல் விழுந்து பூமியின் மேலோடு உருகிய இடம். நோரில்ஸ்க் உண்டானது சைபீரிய எரிமலை வெள்ளத்தில், 25 கோடி வருஷம் முன்பு. இந்தோனேசியா மழையில் மக்கிய மண். நாலும் நாலு ஜாதி. மாமரத்தையும் பலாமரத்தையும் நெல்லையும் ஒரே பட்டியலில் போட்டு, கடைசி வரியில் எங்கள் தோட்டம் என்று எழுதின மாதிரி.

#4 சாம்பியன்ரீஃப்_பையன்

கேஜிஎஃப்பிலிருந்து (கோலார் தங்கவயல்). அப்பா 2001 பிப்ரவரி 28இல் சுரங்கம் மூடும்வரை சாம்பியன் ரீஃபில் கீழே இறங்கியவர். மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழம். மேலே வந்ததும் அவர் சட்டையைப் பிழிந்தால் வியர்வை சொட்டும் என்று அம்மா சொல்வார்.

ஒரு கேள்வி. மாமா நிலம் குடுபல்லி பக்கமா, ராமகுப்பம் பக்கமா? கோலார் பட்டை சுமார் 80 கிலோமீட்டர் நீளம் இருந்தாலும் அகலம் நாலைந்து கிலோமீட்டர்தான். வடக்கு தெற்காக ஒல்லியாக ஓடும். ஆந்திராவுக்குள் சிகர்குண்டா, பிசாநத்தம் வழியாக வந்து, கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குள் போகும். குப்பம் என்று பேர் சொன்னாலே பட்டைக்குள் இருப்பதாக அர்த்தம் இல்லை.

இன்னொன்று. நூறு வருஷத்துக்கும் மேல் வெள்ளைக்காரனும் நம்ம ஆளும் அந்தப் பட்டையை எலி மாதிரிக் குடைந்திருக்கிறார்கள். தங்கம் எடுத்தார்கள். நிக்கல் என்று யாரும் ஒரு வண்டி கல் ஏற்றி நான் கேள்விப்பட்டதில்லை.

#5 முதலீட்டுப்புலி

கோர்பெட்டி மேடம், குறைந்த தரம் என்றால் தள்ளிவிட வேண்டுமா? கனடாவில் டிம்மின்ஸ் பக்கம் கிராஃபோர்ட் திட்டம் இருக்கிறது. அங்கே சராசரி 0.25 சதவீதம் சுற்றித்தான். அதற்கே உலகமெல்லாம் பணம் போடுகிறார்கள். 0.185க்கும் 0.25க்கும் என்ன பெரிய தூரம்?

நூறு வருஷம் யாரும் பார்க்கவில்லை என்பது ஒரு காரணமா? வாய்ஸீஸ் பே 1993 வரை யாருக்கும் தெரியாது. வைரம் தேடப் போன இரண்டு பேர் துருப்பிடித்த பாறை ஒன்றைப் பார்த்தார்கள். 1996இல் இன்கோ கம்பெனி 430 கோடி கனடா டாலர் கொடுத்து வாங்கியது.

#6 கோர்பெட்டி

இது நல்ல கேள்வி. நிதானமாகவே பதில் சொல்கிறேன்.

கிராஃபோர்ட் பாறை செர்பென்டைன் ஆனது. அதாவது வெந்நீர் ஏறி ஆலிவினை உடைத்து, உள்ளே பூட்டிக் கிடந்த நிக்கலை வெளியே தள்ளியிருக்கிறது. வெளியே வந்த நிக்கல் இருக்கும் கொஞ்சம் கந்தகத்தோடு சேர்ந்தோ, இரும்போடு சேர்ந்து உலோகத் துகளாகவோ நிற்கிறது. அதனால் பிரிக்க முடிகிறது. முழுவதும் வந்துவிடாது, ஒரு பகுதி கல்லின் சிலிக்கேட் கனிமங்களுக்குள்ளேயே தங்கிவிடும். இவ்வளவு குறைந்த தரத்தில் கணக்கு நேராக வேண்டுமென்றால் கோடிக்கணக்கான டன் பாறை ஒரே இடத்தில், தரைக்குப் பக்கத்தில், மின்சாரமும் ரயிலும் இருக்கிற ஊரில் இருக்க வேண்டும். கிராஃபோர்டுக்கு அதெல்லாம் இருக்கிறது. மாமாவுக்கு மூன்று ஏக்கர்.

கணக்கும் போடுவோம். டன்னுக்கு 1.85 கிலோ, கிலோ 15 டாலர் என்றால் ஒரு டன் கல்லில் 28 டாலருக்குக் கொஞ்சம் குறைவு. பாதி நிக்கல் பிரிந்து வருகிறது என்று தாராளமாக வைத்தாலும் 14 டாலர். அதிலிருந்து வெடி, லாரி, அரவை, கரண்ட், கழிவு மேடு, வட்டி எல்லாம் போக வேண்டும். மாமா பெருக்கின கணக்கில் "பிரிந்து வருகிற பாதி" என்ற ஒரு வரியே இல்லை.

இனி வாய்ஸீஸ் பே. ஒப்பிடுவதென்றால் முழுதாக ஒப்பிடுங்கள். ஓவாய்டு என்று ஒரு முட்டை வடிவத் தாது, தரைக்கு மிக அருகில், சுமார் 3 கோடி டன், 2.8 சதவீத நிக்கல், அதோடு 1.7 சதவீத செம்பு. அவ்வளவு கொழுத்த தாதுவுக்கே கண்டுபிடித்ததிலிருந்து உற்பத்திக்கு 12 வருஷம் ஆனது, 2005இல்தான் ஓடியது. 3 லட்சத்தைப் போட்டுவிட்டு மாமா 12 வருஷம் காத்திருப்பாரா?

எனக்கு எரிச்சல் வருவது வேறொரு இடத்தில். இந்தக் காகிதங்களில் ஜெயித்த ஊர்களின் பேர் மட்டும்தான் இருக்கும். கோமாட்டியைட் என்ற பேரே தென் ஆப்பிரிக்காவின் கோமாட்டி ஆற்றிலிருந்து வந்தது. பாறை முதலில் விவரிக்கப்பட்டது அங்கே பார்பர்டன் பக்கத்தில். அந்தப் பட்டையில் கம்பால்டா அளவுக்கு நிக்கல் வரிசையாகக் கிடைத்ததா? இல்லை. பாறை இருந்தால் மட்டும் போதாது. எரிமலைக் குழம்பு வாய்க்கால் மாதிரிக் குவிந்து ஓட வேண்டும், அடியில் கந்தகம் உள்ள படிவத்தை அரித்துத் தின்ன வேண்டும், உண்டான சல்பைடு (கந்தகத்தோடு சேர்ந்த உலோகம்) கனத்தில் கீழே பள்ளத்தில் சேர வேண்டும். இந்த மூன்றும் உங்கள் ஊரில் நடந்ததா என்பதுதான் கேள்வி. காகிதம் அதைத் தொடவே இல்லை.

#7 அகளிக்காரன்

அட்டப்பாடியிலிருந்து, கேரளா. இங்கேயும் இதே கூத்து. எங்கள் பக்கம் பச்சைக் கல், மாவுக்கல் எல்லாம் உண்டு. கோட்டத்தறைப் பக்கம் தங்கம் தேடி அரசு ஆட்கள் வந்து போனார்கள். அதற்குப் பின்னாடியே இந்த மாதிரி ஆட்கள்.

எங்கள் ஊர் ஆளின் காகிதத்தில் கம்பால்டா இல்லை, இந்தோனேசியா. "கேரளா முழுக்க லேட்டரைட், இந்தோனேசியாவும் லேட்டரைட், மழையும் அதே மழை" என்று. சிரிப்பதா அழுவதா? லேட்டரைட் என்கிற பேரே எங்கள் மாநிலத்து வெட்டுக்கல்லுக்கு வைத்த பேர். புக்கானன் என்ற வெள்ளைக்காரர் அங்காடிப்புறம் பக்கம் ஆட்கள் மண்ணைச் செங்கல் மாதிரி வெட்டுவதைப் பார்த்து, 1807இல் அச்சான புத்தகத்தில் வைத்தது. எங்கள் வீட்டுச் சுவரே அந்தக் கல்தான். ஆனால் அடியில் இருக்கும் பாறையில் நிக்கல் இல்லாவிட்டால், மழை எத்தனை கோடி வருஷம் கரைத்தாலும் நிக்கல் எங்கிருந்து வரும்? இந்தோனேசியாவில் அடியில் இருப்பது ஆலிவின் பாறை. அது மக்கும்போது கரைந்த நிக்கல் கீழே இறங்கிச் சேர்ந்து ஒன்றரை சதவீதம் அளவுக்கு ஏறுகிறது. எங்கள் வெட்டுக்கல்லில் சேர்ந்தது இரும்பும் அலுமினியமும்.

#8 கோர்பெட்டி

அண்ணா, இதைவிட நன்றாக நான் சொல்லியிருக்க மாட்டேன். ஒன்று சேர்க்கிறேன். லேட்டரைட்டில் ஒப்பிட வேண்டியது இந்தோனேசியாவை இல்லை, நம்ம ஒடிசாவின் சுகிந்தாவை. நாட்டில் கணக்கில் உள்ள நிக்கல் தாது சுமார் 189 மில்லியன் டன், அதில் 175 மில்லியன் ஒடிசாவில். குரோமைட் என்ற குரோமியத் தாது வெட்டும்போது மேலே ஒதுக்கித் தள்ளுகிற மண்ணிலேயே நிக்கல் இருக்கிறது, தோண்டின செலவு ஏற்கெனவே குரோமைட்டில் வந்துவிட்டது. புவனேஸ்வர் ஆய்வுக்கூடத்தில் பல பத்து வருஷமாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். அப்படியும் வியாபார அளவில் ஒரு ஆலை எழும்பவில்லை. இரும்பு ஆக்சைடுக்குள் சிதறிக் கிடக்கிற நிக்கலை எடுக்க அமிலமும் அழுத்தமும் வேண்டும், அந்தச் செலவு தரத்துக்குக் கட்டுபடியாவதில்லை.

விலையையும் பாருங்கள். இந்தோனேசியா 2020 ஜனவரியில் கச்சாத் தாது ஏற்றுமதியை மறுபடி நிறுத்தி, ஆலைகளை உள்ளேயே கட்ட வைத்தது. இன்று உலக நிக்கலில் பாதிக்கு மேல் அங்கேதான். 2022 மார்ச் 8 அன்று லண்டன் சந்தையில் டன் விலை ஒரு லட்சம் டாலரைத் தாண்டி, அன்றைய வியாபாரத்தையே ரத்து செய்தார்கள். 2025இல் பெரும்பாலும் 15,000ஐ ஒட்டியே கிடந்தது. கம்பால்டா பக்கத்தில் பிஎச்பியின் நிக்கல் வெஸ்ட் 2024 அக்டோபரில் வேலையை நிறுத்தி வைத்தது. நியூ கலிடோனியாவின் கோனியாம்போ ஆலையும் அதே வருஷம் அணைந்தது. காகிதத்தில் உதாரணமாகக் காட்டுகிற கம்பால்டா பக்கத்திலேயே பூட்டுப் போட்டார்கள்.

#9 செங்கோட்டு_ரிக்

திருச்செங்கோடு போர் வண்டி. குப்பம், பலமனேர், மதனப்பள்ளி எல்லாம் சுற்றினவன். அந்த ஆள் எத்தனை போர் போட்டார் என்று யாரும் கேட்கவில்லையே? மேலே தட்டின கல்லை வைத்துச் சுரங்கம் சொல்வதா? நாங்கள் 1,000 அடி இறக்கும்போது கல் மாறினால் வெளியே ஊதுகிற தூள் நிறம் உடனே மாறும். மேலே கருப்பு, 40 அடியில் வெள்ளை, மறுபடி கருப்பு என்று எத்தனை பார்த்திருக்கிறோம். வீட்டில் ஸ்பீக்கர் காந்தம் இருந்தால் கல்லில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒட்டினால் விஷயம் இருக்கிறது.

#10 கோர்பெட்டி

காந்தத்தை மட்டும் நம்பாதீர்கள் அண்ணா. நிக்கல் தாதுவோடு வரும் பைரோடைட் ஒட்டும், சரி. வெறும் செர்பென்டினைட்டும் ஒட்டும், உங்கள் ஊர்க் கருப்புக்கல்லும் லேசாக ஒட்டும். காந்தம் ஒட்டாவிட்டால் சந்தேகம் வரலாம், ஒட்டினால் எதுவும் நிரூபணம் ஆகாது.

போர் விஷயத்தில் நீங்கள் சொன்னது முழுச் சரி. போர் போட்டாலும் ஏமாறலாம் என்பதற்கு நானே சாட்சி. ஒரு வேலையில் தொடர்ந்து 40 மீட்டர் நல்ல கோர் வந்தது. பெட்டி பெட்டியாக அடுக்கினோம், வெண்கல நிறத்தில் மின்னியது. முகாமில் அன்று கோழி அடித்தார்கள். ஒரு வாரம் கழித்து அடுக்கின் சாய்வைக் கணக்குப் பார்த்தால், போரை அடுக்கின் ஓட்டத்தோடேயே இறக்கியிருந்தோம். உண்மைத் தடிமன் 6 மீட்டர். வாழைத்தண்டைக் குறுக்கே வெட்டாமல் நெடுக்கே வெட்டிவிட்டு, எவ்வளவு தடிமன் பார் என்று காட்டுவது போல. மேலிடம் 40ஐத்தான் அறிவித்தது. அதற்குப் பிறகு அங்கே எனக்கு மனசு ஒட்டவில்லை.

#11 முதலீட்டுப்புலி

சரி, இந்தக் காகிதம் மோசம் என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கோலார் பட்டையில் நிக்கலே கிடையாது என்று நீங்களும் நிரூபிக்கவில்லை. சிகர்குண்டா பக்கம் யாராவது ஒழுங்காகத் தேடினால் வரலாம்.

#12 கோர்பெட்டி

வரலாம், மறுக்கவில்லை. கோமாட்டியைட் அடியில் கந்தகப் படிவம் எங்கே இருக்கிறது என்று வரைபடம் போட்டு, மின்காந்த ஆய்வு செய்து, பிறகு போர் போட்டால் அது தேடல். 25,000 ரூபாய் ரசீதில் தேடல் இல்லை.

#13 அகளிக்காரன்

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் மலபார் நிலத்துக்காரர்கள் ஒரு வழக்கு நடத்தினார்கள், திரேசியம்மா ஜேக்கப் வழக்கு. 2013இல் உச்ச நீதிமன்றம் நிலத்துக்கு அடியில் உள்ள கனிமமும் நிலத்துக்காரருக்கே என்றது. அதைக் கேட்டு இங்கே பலர் குதித்தார்கள். ஆனால் சொந்தம் வேறு, வெட்டுகிற அனுமதி வேறு. நிக்கலுக்கு ஏலம் மூலமாகத்தான் உரிமம். மாமா எந்தப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாலும் அந்த ஆளுக்கு நிக்கல் வெட்டும் உரிமை வந்துவிடாது. அப்படியென்றால் அந்தக் கையெழுத்து எதற்கு என்று யோசிக்கச் சொல்லுங்கள்.

#14 குப்பத்தான்

எல்லாருக்கும் நன்றி. இரண்டு நாள் அலைந்தேன்.

சாம்பியன்ரீஃப் அண்ணா கேட்டதற்கு: நிலம் ராமகுப்பம் பக்கம். புவியியல் துறையின் பூகோஷ் தளத்தில் வரைபடம் இலவசமாக இருக்கிறது, பார்த்தேன். கோலார் பட்டை எங்களுக்கு மேற்கே நன்றாகத் தள்ளி முடிந்துவிடுகிறது. எங்கள் இடம் வெறும் நைஸ் பாறை, நடுவில் ஒரு கோடு கிழித்த மாதிரி டோலரைட் (வெடிப்பில் குழம்பு ஏறி உறைந்த கருப்புக்கல்) என்று போட்டிருக்கிறது.

அப்புறம் கேஜிஎஃப்பில் ஒரு நண்பன் பழைய இரும்புக் கடையில் இருக்கிறான். 304 ஸ்டீலா 202 ஸ்டீலா என்று பார்க்க அவர்களிடம் துப்பாக்கி மாதிரி எக்ஸ்ஆர்எஃப் கருவி உண்டு. மாமா பாறையில் மூன்று துண்டு உடைத்துக் காட்டினேன். முதலில் ஒரு சில்வர் டபராவில் வைத்தான், நிக்கல் 8.1 என்று வந்தது. எங்கள் கல்லில் வைத்தால் ஒருமுறை 0.01, மற்ற நேரம் நிக்கல் வரியே வரவில்லை. குரோமியமும் அப்படித்தான்.

#15 கோர்பெட்டி

அந்தக் கருவி உலோகத்துக்குச் சரிசெய்தது, கல்லில் துல்லியம் பார்க்கக் கூடாது. ஆனாலும் 0.185 இருந்தால் இவ்வளவு தவறாது. டோலரைட்டில் நிக்கல் 100 பிபிஎம் சுற்றித்தான் இருக்கும், குரோமியம் 2,400 எல்லாம் வரவே வராது.

தம்பி, அந்த லேப் ரிசல்ட் பொய் இல்லை என்று நினைக்கிறேன். எண்கள் ஒன்றோடொன்று ரொம்பப் பொருந்துகின்றன, நிஜமான ஒரு அல்ட்ராமாஃபிக் (ஆலிவின் மாதிரி மெக்னீசியக் கனிமம் நிறைந்த) பாறையைத்தான் சோதித்திருக்கிறார்கள். ஆனால் அந்தக் கல் மாமா நிலத்துக் கல் இல்லை.

#16 சாம்பியன்ரீஃப்_பையன்

ஐயோ. ஒரே ரிசல்ட்டை எத்தனை ஊரில் காட்டினாரோ.

(டபராவில் டன்னுக்கு 80 கிலோ நிக்கல். எங்கள் ஊர் பழைய இரும்புக் கடைக்காரர்கள்தான் நிஜமான சுரங்கக்காரர்கள் போல.)

#17 குப்பத்தான்

மாமாவிடம் சொல்லிவிட்டேன். நகை உள்ளே போய்விட்டது. 25,000 பற்றிப் பேசினாலே எழுந்து வெளியே போய்விடுகிறார். அந்த ஆளிடம் "என் முன்னாடி கல் எடுங்கள், பையில் என் கையெழுத்துப் போட்டு நானே லேபுக்கு அனுப்புகிறேன்" என்று கேட்டேன். அடுத்த வாரம் வருகிறேன் என்றார். பக்கத்து ஊரில் இன்னும் நாலு பேர் கட்டியிருக்கிறார்கள், நாளை அவர்களைப் பார்க்கப் போகிறேன். ரசீது நகல்களைச் சேர்த்து ஸ்டேஷனில் கொடுக்கலாம் என்று நினைக்கிறோம்.

#18 கருப்புக்கல்

குவாரி தொழில். இத்தனை நாள் வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். தம்பி, அந்த டோலரைட் எத்தனை அடி அகலம்? நீளமாகப் போகிறது என்றீர்களே, எத்தனை அடிக்கு ஒரு விரிசல்? தண்ணீர் ஊற்றித் துடைத்துவிட்டு, வெள்ளைப் புள்ளி, நூல் ஏதாவது தெரிகிறதா என்று வெயிலில் ஒரு போட்டோ எடுத்துப் போடுங்கள். பாலிஷ் கல்லுக்குப் பெரிய பிளாக் எடுக்கிற மாதிரி இருந்தால் ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கிறேன். இதற்கும் உரிமம் வேண்டும், அதை முதலிலேயே மாமாவிடம் சொல்லிவிடுங்கள். அவரிடம் எந்தக் கட்டணமும் வாங்க மாட்டேன்.